ரங்கனின் நாலு வருசப் பசி

மண்ணாங்கட்டியின் இடது காதில் பாதிதான் இருக்கும். மீதியைக் கடித்துத் துப்பியவள் பச்சையம்மா. 1942 சித்திரையில், சாந்தோமுக்குத் தெற்கே கடற்கரையில், காலை வெயிலில், இருநூறு பேர் பார்க்கக் கடித்தாள். அதற்குச் சற்று முன்னால்தான் மண்ணாங்கட்டி வீசிய துடுப்பு அவள் புருஷன் ரங்கனின் மண்டையைப் பிளந்திருந்தது. ரங்கன் குப்புற விழுந்தான், விழுந்தவன் எழவில்லை. தலையில் மீன்கூடையோடு வந்துகொண்டிருந்த பச்சையம்மா கூடையை வீசிவிட்டு ஓடினாள். புருஷன் மேல் விழுந்து அழுவாள் என்று நினைத்து எல்லோரும் வழிவிட்டார்கள். அவளோ அடித்தவன் மேல் பாய்ந்தாள். நாலு ஆம்பிளைகள் சேர்ந்து பிரித்தெடுத்தபோது அவள் வாயெல்லாம் ரத்தம். அந்த வாயோடுதான் ஒப்பாரி வைத்தாள்.

சண்டை எதற்கு என்று கேட்டால் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று அந்த மாதம் பட்டணமே காலியாகிவிட்டது. மயிலாப்பூரில் தெருத் தெருவாகப் பூட்டு தொங்கியது. மிஞ்சியிருந்த கொஞ்சம் பேர் விடிந்ததும் மீன் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். முதலில் கரையேறிய வலை மீன் விற்கும், அடுத்த வலை மீன் மணலில் கிடந்து நாறும். அதனால் யார் வலை முதலில் என்று வடக்குக் குப்பத்துக்கும் தெற்குக் குப்பத்துக்கும் தினமும் தகராறு. ரங்கன் வடக்கு, மண்ணாங்கட்டி தெற்கு. இளவட்டமாக இருந்தபோது இரண்டு பேரும் ஒரே கட்டுமரத்தில் போனவர்கள், பச்சையம்மா கையால் ஒரே சட்டியில் சாப்பிட்டவர்கள். ஒரு கூடை கவலை மீனுக்காக ஒருவன் மண்ணுக்கும் இன்னொருவன் ஜெயிலுக்கும் போனான். குண்டு போடுவதாக இருந்த ஜப்பான்காரன் அந்த வருசம் வரவே இல்லை.

கோர்ட்டில் ஆறு வருசம் போட்டார்கள்.

பச்சையம்மாவுக்கு அப்போது இருபத்தாறு வயது. பிள்ளைகுட்டி கிடையாது. பிறந்த வீட்டுக்குப் போ என்றார்கள், போகவில்லை. ரங்கனின் தம்பி சேட்டு, அண்ணியை நானே வைத்துக் காப்பாற்றுகிறேன் என்று ஒருநாள் குடித்துவிட்டு வந்தான். திருக்கை வாலால் அவனை விளாசினாள். முதுகில் ஏழு கோடு விழுந்தது. அதற்குப் பிறகு அவனும் அண்ணி என்று ஒழுங்காகக் கூப்பிட்டான். அவள் கூடை சுமந்து மயிலாப்பூர், அடையாறு, பிறகு தியாகராய நகர் வரைக்கும் நடந்தாள். பேரம் பேசும்போது மீனை மோந்து பார்த்துவிட்டு முகம் சுளித்த ஒரு போலீஸ்காரன் மூக்கிலேயே வஞ்சிரத்தால் ஒன்று போட்டவள் அவள். ஒரு ராத்திரி ஸ்டேஷனில் உட்காரவைத்தார்கள். மறுநாள் அதே தெருவில் அதே குரலில் கூவினாள்.

இப்படிப்பட்டவளுக்கு ஒரே ஒரு இடத்தில் மட்டும் வாய் அடைத்துப்போகும். அது அடையாறு கடலில் விழுகிற பக்கம் இரண்டு குப்பத்துக்கும் பொதுவாக இருந்த மணல்மேட்டு இடுகாடு. மாசி அமாவாசையில் அங்கே மயானக் கொள்ளை நடக்கும். செத்துப்போனவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, அவரவர் மேட்டின் மேல் இலை போட்டுப் படைப்பார்கள். அங்காளம்மன் வேஷம் கட்டியவன் பம்பை முழக்கத்தோடு ஆடிக்கொண்டு வந்து ஒவ்வொரு இலையிலும் ஒரு கை அள்ளி வாயில் போடுவான். ஆத்தா வாயில் போனால்தான் செத்தவன் வயிற்றுக்குப் போகும். அவள் வாய் வைக்காத படையல் வெறும் சோறு, காக்காய்க்குத்தான் ஆகும். இரண்டு குப்பத்திலும் இதைச் சந்தேகப்பட்டவர் கிடையாது.

ரங்கன் மேடு மட்டும் நாலு மாசியாக வெறுமையாகக் கிடந்தது. அடித்தவன் உயிரோடு இருக்கிற வரைக்கும் படையல் போடமாட்டேன் என்று பச்சையம்மா பிணத்தின் தலைமாட்டில் நின்று சபதம் போட்டிருந்தாள். கோபத்தில் சொன்ன வார்த்தை. சொன்ன பிறகுதான் அது யார் வயிற்றில் அடிக்கிறது என்று உறைத்தது. நாற்பத்து மூன்று ஐப்பசி வெள்ளத்தில் மேடு கரைந்தபோது தனியாகப் போய்க் கையாலேயே மணலை அள்ளிக் குவித்துவிட்டு வந்தாள். சோறு மட்டும் வைக்கவில்லை.

அவளுடைய சிநேகிதி தேசம்மா சாந்தோம்காரி, வேதக்காரி. மயிலாப்பூர் மீன் வரிசையில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் கூடை இறக்குவார்கள். கல்லறைத் திருநாளுக்கு தேசம்மா தன் புருஷனுக்கு மெழுகுவத்தி ஏற்றப் போகும்போது பச்சையம்மாவும் துணைக்குப் போவாள்.

"ஒரு வத்தி ஏத்து, ஒரு செபம் சொல்லு, போதும்டி. எங்காளுங்க சோறெல்லாம் கேக்க மாட்டாங்க" என்பாள் தேசம்மா.

"உங்காளுங்க பசி தாங்குவாங்க. எங்காளு தாங்க மாட்டான். உசுரோட கீறப்பவே தாங்க மாட்டான்" என்பாள் பச்சையம்மா. சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள்.

நாற்பத்தாறு மார்கழியில், நாலரை வருசத்திலேயே மண்ணாங்கட்டியை வெளியே விட்டுவிட்டார்கள். பெண்டாட்டி அதற்குள் பழவேற்காட்டுக்கு, தாய்வீட்டோடு போய்விட்டிருந்தாள். தாடியும் இருமலுமாக வந்து சேர்ந்தான். வந்தவன் மூலையில் கிடந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அம்மன் வேஷம் அவன் வம்சத்துக்கு உரிய முறை. அவன் உள்ளே இருந்த காலத்தில் கட்டிக்கொண்டிருந்த சித்தப்பன் அந்த மழைக்காலத்தில் காலரா கண்டு போய்ச் சேர்ந்துவிட்டான். மண்ணாங்கட்டிக்கு முன்னால் பிறந்த மூன்று பிள்ளைகளும் தொட்டிலிலேயே போனவை. எமன் கண்ணுக்கு இது ஒரு பொருட்டாகத் தெரியக்கூடாது என்றுதான் நாலாவதுக்கு அந்தப் பேரை வைத்தார்கள். ஆக, அந்த வம்சத்தில் மிஞ்சிய ஒரே ஆம்பிளை இவன்தான்.

தை மாசக் கடைசியில் கோயில் வாசலில் இரண்டு குப்பத்துப் பஞ்சாயத்தும் கூடியது. பொம்பிளைகள் தள்ளி நிற்க வேண்டிய இடத்தில் பச்சையம்மா நேரே நடுவில் வந்து நின்றாள். வடக்குக் குப்பத்துத் தலைவர், நாட்டார் நல்லசிவம் அவளைச் சமாதானப்படுத்தப் பார்த்தார்.

"வேஷம் கட்னப்புறம் அது மண்ணாங்கட்டி இல்லம்மா. ஆத்தா."

"அப்ப அந்த ஆத்தா கையில துடுப்பைக் குட்த்தது யாரு நாட்டாரே?"

"வாய அடக்கு. அவன வுட்டா வேற ஆளில்ல. அவன் பூட்டான்னா இந்த ரெண்டு குப்பத்துக்கும் கொள்ளையே இல்ல, தெரிஞ்சிக்கோ. நம்ம அப்பன் பாட்டன்லாம் பட்டினி கெடக்கணும்."

"என் புருஷன் நாலு வருசமா பட்டினி கெடக்கறானே, அத்த யாரு கேட்டீங்க?"

"அது நீயே இஸ்த்து வுட்டுக்கினது" என்றார் நல்லசிவம். கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். மண்ணாங்கட்டி ஓரத்தில் குத்துக்காலிட்டு, மணலையே பார்த்தபடி இருந்தான். பச்சையம்மா அவன் முன்னால் போய்க் காறித் துப்பினாள். எச்சில் அவன் முட்டியில் விழுந்தது, அவன் துடைக்கவில்லை. அவன் துடைக்காதது அவளுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

மூன்றாம் நாள், இந்த மாசிக்கு ரங்கனுக்குப் படையல் போடுகிறேன் என்று அவளே சொல்லியனுப்பினாள். மனசு மாறிவிட்டது என்று நல்லசிவம் கோயிலில் கற்பூரம் கொளுத்தினார். என்ன புத்திசாலி மனிதர்! படையல் போட்ட மேட்டுக்கு ஆத்தா வந்தே தீரவேண்டும். குனிந்துதான் அள்ளவேண்டும். குனிந்தால் கழுத்து இவள் பக்கம். அவன் செத்தால் அப்புறம் சபதத்துக்கும் பங்கமில்லை. பச்சையம்மாவின் மனசு மாறவில்லை, கணக்காக வேலை செய்தது.

ரங்கன் விட்டுப்போன சுறாக்கத்தியை அவள் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தபோது தேசம்மா வந்துவிட்டாள்.

"கத்திய இன்னாத்துக்குடி தீட்றே?"

"சுறா வெட்ட. அவனுக்குச் சுறாப்புட்டுன்னா உசுரு."

"புட்டுக்குப் பால்சுறா. அத்த வெட்ட இத்தினி கூர் வேணாம். என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

பச்சையம்மா நிமிராமல் தீட்டிக்கொண்டே இருந்தாள். தேசம்மாவுக்குப் புரிந்துவிட்டது. மாதாவே என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு நேரே சேட்டுவிடம் போனாள். உன் அண்ணி தூக்குமேடைக்குப் போகப் பார்க்கிறாள், தடுத்து நிறுத்து என்று கெஞ்சினாள். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் போயும் போயும் யாரிடம் சொன்னாள் பாருங்கள். அண்ணன் அடிபட்ட அன்று கட்டுமரத்துக்குப் பின்னால் பதுங்கியவன் சேட்டு, அந்தப் பேரை அழிக்க நாலரை வருசமாக வழி தேடிக்கொண்டிருந்தான். பொம்பிளை செய்து முடித்துவிட்டால் இவன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? எட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு, இடுகாட்டு மணலில் முந்தின நாளே துடுப்புகளைப் புதைத்து வைத்தான்.

அமாவாசையன்று காலையில் பச்சையம்மா அடுப்பு மூட்டினாள். பால்சுறாவை வேகவைத்து, தோலுரித்து, பிழிந்து உதிர்த்தாள். வெங்காயம், பச்சை மிளகாய், பூண்டு. ரங்கனுக்குப் பூண்டு நிறைய வேண்டும். சட்டியில் போட்டு வதக்கியதும் எழுந்த வாசனைதான் அவளைக் கவிழ்த்துவிட்டது. இந்த வாசனைக்கு அவன் எங்கிருந்தாலும் வந்து நிற்பான். அடுப்பில் இருக்கும்போதே சட்டியில் கை விடுவான். அவள் அகப்பையால் புறங்கையில் போடுவாள். சுட்ட விரலை ஊதிக்கொண்டு, உப்பு கம்மி என்பான். தினமும் உப்பு கம்மி. நாலு வருசமாக அவள் சுறாவையே தொடவில்லை, தனக்கென்று ஒருநாள்கூடச் சமைத்ததில்லை. இப்போது கழுத்தறுக்கப் போட்ட தூண்டிலுக்கு இரை சமைக்க உட்கார்ந்தவள், தன்னை அறியாமல் கொஞ்சம் உப்பைக் கூடப் போட்டாள். போட்டுவிட்டு முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். அவன் மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை இருந்தது. அவன் பசித்துக் கிடக்கிறான் என்பது ஒன்றுதான் அவளால் தாங்கமுடியாத விஷயம்.

பிற்பகல் மூன்று மணிக்கு இடுகாடு நிறைந்துவிட்டது. மேட்டுக்கு மேடு இலை, கள்ளு மொந்தை, சுருட்டு. பச்சையம்மா ரங்கன் தலைமாட்டில் இலையை விரித்து, அதன் அடியில் கத்தியை வைத்து, இலை மேல் சோற்றையும் புட்டையும் குவித்தாள். கருவாட்டுக் குழம்பை ஓரத்தில் ஊற்றினாள். பம்பைச் சத்தம் வடக்கேயிருந்து வந்தது. மண்ணாங்கட்டி பச்சை முகமும் சிவப்பு நாக்கும் தகரக் கிரீடமுமாக வந்தான். உயிர்க்கோழியைக் கழுத்தில் கடித்து எறிந்தான், ரத்தம் மார்பில் வழிந்தது. பொம்பிளைகள் அவன் காலடியில் படுத்தார்கள், அவன் தாண்டினான். ஒவ்வொரு இலையிலும் ஒரு கை அள்ளினான். வேஷத்தில் எல்லாம் மறைந்திருந்தது, அந்தப் பாதிக் காது மட்டும் மறையவில்லை.

ரங்கன் மேட்டுக்கு வந்ததும் அவன் நின்றான். பம்பையும் தானாக நின்றது. குனிந்தான், சோற்றை அள்ளினான். இலை நகர்ந்து கத்தியின் முனை வெளியே தெரிந்தது. அவன் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அள்ளியதை வாயில் போட்டுக்கொண்டு ஓடியிருக்கலாம், ஆத்தாவுக்கு அதுதான் முறை. அவன் ஓடவில்லை. சம்மணம் போட்டு மேட்டின் முன்னால் உட்கார்ந்துவிட்டான். இலையின் அடியிலிருந்து கத்தியை உருவி அவள் காலருகே வைத்துவிட்டு, சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தான்.

அப்படி ஆத்தா உட்கார்ந்து சாப்பிட்டதை யாரும் பார்த்ததில்லை. பச்சையம்மா கத்தியை எடுத்தாள். கழுத்து எதிரே இருந்தது. கை ஓங்கியும் விட்டாள். ஆனால் அவன் அப்போது புட்டை வாயில் வைத்தான். அது யாருக்குப் போகிறது? நாலு வருசம் கழித்து முதல் வாய் இப்போதுதான் ரங்கனுக்கு இறங்குகிறது. பாதிச் சாப்பாட்டில் எப்படி எழுப்புவது? முடிக்கட்டும், முடித்ததும் வெட்டுகிறேன் என்று ஓங்கிய கையோடு நின்றாள். அவன் கவளம் கவளமாக உள்ளே தள்ளினான்.

"அண்ணி பயந்துட்டா! போடுங்கடா அவன!" என்று சேட்டு கத்தினான்.

மணலிலிருந்து துடுப்புகள் கிளம்பின. முதல் அடி மண்ணாங்கட்டியின் முதுகில் விழுந்தது, கிரீடம் பறந்தது. அவன் ஒரு கையைத் தரையில் ஊன்றி நிமிர்ந்து மறுபடி சோற்றை அள்ளினான். தெற்குக் குப்பத்து ஆட்கள் பம்பைக் குச்சியும் மொந்தையுமாகப் பாய்ந்தார்கள். பானைகள் உடைந்தன, பல் தெறித்தது, ஒருவன் தாடையைப் பிடித்துக்கொண்டு உருண்டான். யார் அப்பன் மேட்டில் யார் மிதிக்கிறார்கள் என்று பார்க்க அங்கே யாருக்கும் புத்தி இல்லை. சேட்டு இரண்டாவது அடிக்குத் துடுப்பை ஓங்கினான்.

கத்தி இறங்கியது சேட்டுவின் கையில். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் பிளந்துவிட்டது.

"துன்றவனை அடிப்பியாடா, பேமானி?" பச்சையம்மா அலறினாள். "உங்கண்ணன் துன்னுகினு கீறான்டா! அவன் துன்னு முடிக்கட்டும்! கிட்ட வந்தீங்க, கொடலை உருவிடுவேன்!"

சேட்டுவின் ஆள் ஒருவன் பக்கவாட்டில் வீசிய துடுப்பு அவள் தோளில் இறங்கியது. காறை எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. கத்தியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டாள். இலையையும் அவனையும் முதுகுக்குப் பின்னால் விட்டு, வருகிறவனையெல்லாம் வீசி விரட்டினாள். சொந்தக் குப்பத்துக்காரர்கள் மூன்று பேர் அவளிடம் வெட்டு வாங்கினார்கள். புருஷனைக் கொன்றவனுக்குக் காவல் நிற்கிறோம் என்பது அந்த நேரத்தில் அவள் மண்டையில் ஏறவே இல்லை. இலை மேல் மணல் விழாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ரத்தம் அதிகமானதும் சண்டை தானாகத் தளர்ந்தது. நல்லசிவம் நடுவில் புகுந்து, வயசையும் பார்க்காமல் எல்லோர் காலிலும் விழுந்துகொண்டிருந்தார். பச்சையம்மா திரும்பினாள். மண்ணாங்கட்டி கடைசிப் பருக்கையையும் வழித்து, இலையை மடித்தான். கண்ணீரும் பச்சைச் சாயமும் அவன் தாடியில் வடிந்தன. வேஷம் கட்டியவன் பேசக்கூடாது. அவன் பேசினான்.

"துன்னாச்சி. வெட்டு." மேட்டின் மேல் தலையை வைத்துக் கழுத்தைக் காட்டினான்.

அவள் கத்தியை ஓங்கினாள். பிடரியில் நரைத்த மயிர் தெரிந்தது. ஜெயிலில் இளைத்த கழுத்து, ஒரே வெட்டு போதும். அப்போதுதான் நாட்டார் சொன்னது அவளுக்கு உறைத்தது. இவனுக்குப் பின்னால் ஒருவனும் இல்லை. அடுத்த மாசிக்கு வாய் வைக்க ஆள் கிடையாது. இன்றைக்கு வெட்டினால், ரங்கன் சாப்பிட்ட கடைசிச் சோறு இதுதான்.

"அடப்பாவி" என்றாள். "உன்ன வெட்டிட்டா வர்ற மாசிக்கு யாருடா வருவா? நாலு வருசப் பசி ஒரு எலையில தீருமாடா? எழுந்துரு! எழுந்துருடா கஸ்மாலம்!" என்று காலால் எட்டி உதைத்தாள். அவன் எழாமல் கிடந்தான். இன்னும் உதைத்தாள். உதைக்க உதைக்க அழுதாள், கை ஓயாமல் கத்தியால் மணலைக் குத்தினாள். கடைசியில் தேசம்மா ஓடிவந்து பின்னாலிருந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

போலீசுக்கு யாரும் வாய் திறக்கவில்லை. சேட்டுவின் கை பிறகு துடுப்புப் பிடிக்கவில்லை. பச்சையம்மாவின் தோள் கோணலாகக் கூடியது, கூடை சுமந்தால் ஒரு பக்கம் சாய்ந்துதான் நடப்பாள். சபதம் போனது போனதுதான். நாற்பத்தெட்டு மாசியிலும் புட்டு செய்து படைத்தாள். மண்ணாங்கட்டி வந்து உட்கார்ந்து முழு இலையும் சாப்பிட்டான். ஒருவரையொருவர் பார்க்கவில்லை, பேசவில்லை. மன்னித்துவிட்டாள் என்று யாராவது சொன்னால் அவர்கள் மூஞ்சியில் மீன் கழுவிய தண்ணீரை ஊற்றினாள்.

நாற்பத்தொன்பது தையில் மண்ணாங்கட்டிக்கு விஷக்காய்ச்சல் கண்டது. பார்க்க ஆளில்லை, மாசி வரைக்கும் தாங்கமாட்டான் என்று மீன் வரிசையில் பேச்சு வந்தது. பச்சையம்மா வியாபாரத்தைப் பாதியில் போட்டுவிட்டு எழுந்தாள். புருஷன் செத்ததிலிருந்து அவள் கால் வைக்காத தெற்குக் குப்பத்துக்குள் கஞ்சிப் பானையும் அகப்பையுமாக நடந்தாள். அவன் குடிசைக்குள் புகுந்து, பாயில் கிடந்தவனின் தலையை முடியைப் பிடித்துத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவன் வாயை இறுக்கிக்கொண்டு தலையாட்டினான்.

"வுட்று பச்சையம்மா. நான் போறேன்" என்றான்.

அகப்பையால் அவன் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"போவியா? எங்கூட்டுக்காரனுக்குச் சோறு யாரு எடுப்பா, உங்கப்பனா? செத்தேன்னு வச்சிக்கோ, நானே உன்னக் கொன்னுடுவேன். தொற வாய."

மண்ணாங்கட்டி வாயைத் திறந்தான்.